கிளைப் பள்ளியா, தனி ஆசிரியரா? நடன வகுப்பு பற்றிக் கிருஷ்ணகிரிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நாட்டிய உடை தைத்துக் கொடுக்கிறேன். நகை, சலங்கை, சவுரி ஆகியவற்றை வாடகைக்கும் விடுகிறேன். பள்ளி ஆண்டு விழா, மாங்கனிக் கண்காட்சி மேடை, கோயில் திருவிழா, முதன்முதலாகச் சலங்கை கட்டி ஆடும் சலங்கை பூஜை என்று ஏதாவது ஒன்றுக்கு அளவு கொடுக்க வரும் பெற்றோர், நான் நாடாவைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்கிற கேள்விகள் இவை. பெரிய பெயர் கொண்ட பள்ளிகளின் கிளைகளில் படிக்கும் பிள்ளைகளும், வீட்டு மாடியில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களின் பிள்ளைகளும் என் கடைக்கு வருகிறார்கள். என் மகளும் இரண்டு வகையிலும் படித்தாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, கிளைப் பள்ளி, தனிப் பள்ளி என்று பிரித்துச் சொல்கிறீர்களே, என்ன வேறுபாடு? இரண்டிலும் ஆடத்தானே கற்றுக்கொடுக்கிறார்கள்?

கிளைப் பள்ளி என்பது ஒரு பெயரைப் பல ஊர்களில் நடத்துவது. பெரும்பாலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் தலைமையகத்துக்கு முன்பணம் கட்டி, வரவில் ஒரு பங்கையும் கொடுத்து, அந்தப் பெயரில் நடத்துவார். பாடத்திட்டம், தேர்வு, சீருடை எல்லாம் மேலிருந்து வரும். சொல்லிக்கொடுப்பவர் சம்பளத்துக்கு வருபவர். இது புதிய ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் ஹாலிவுட் நடன நடிகர் பிரெட் அஸ்டேரின் பெயரில் 1947 முதல் ஜோடி நடனப் பள்ளிகள் இப்படித்தான் ஊர் ஊராக நடக்கின்றன.

தனிப் பள்ளியில் நடத்துபவரும் சொல்லிக்கொடுப்பவரும் ஒருவரே. பாடம் அவருடைய குருவிடமிருந்து அவருக்கு வந்தது. அவர் நன்றாக இருந்தால் பள்ளி நன்றாக இருக்கும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் வகுப்பு கிடையாது.

என் பெண்ணுக்கு ஐந்து வயது. இப்போதே சேர்க்கலாமா? எங்கே சேர்ப்பது?

சேர்க்கலாம். ஆனால் ஐந்து வயதில் தாளத்துக்குக் கைதட்டுவது, குதிப்பது, இடம் வலம் தெரிந்துகொள்வது, நான்கு பிள்ளைகளோடு வரிசையில் நிற்பது ஆகியவை போதும். இந்த வயதுக்கு வீட்டுக்கு அருகில் இருக்கும் வகுப்பே நல்ல வகுப்பு. கிளையா தனியா என்ற யோசனையை ஏழு வயதுக்குத் தள்ளி வையுங்கள். பரதத்துக்கு உரிய அரைமண்டியில் (முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலை) நெடுநேரம் நிற்கவைக்கும் ஆசிரியரிடம் ஐந்து வயதுக் குழந்தையை விடாதீர்கள்.

தனி ஆசிரியர்கள் பலர் விஜயதசமி அன்று புதியவர்களைச் சேர்ப்பார்கள். கிளைகளில் எந்த மாதமும் சேரலாம், மே மாத விடுமுறை வகுப்பும் இருக்கும். அந்த விடுமுறை வகுப்பைக் குழந்தைக்கு ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்கும் வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கட்டணத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஓர் இடத்தில் சொல்வதில் பாதிதான் இன்னோர் இடத்தில் கேட்கிறார்கள்.

கிளை நடத்துபவர் கடை வாடகை, கண்ணாடிச் சுவர், குளிர்சாதனம், ஆசிரியர் சம்பளம், தலைமையகத்தின் பங்கு அனைத்தையும் உங்கள் கட்டணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். தனி ஆசிரியருக்கு மாடியும் தாளம் தட்ட ஒரு தட்டுக்கழியும் போதும். வரியும் ஒரு காரணம். கலைப் பயிற்சியைத் தனிநபர் ஒருவர் அளித்தால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 2022 ஜூலை முதல் அந்த விலக்கு தனிநபருக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டுவிட்டது. நிறுவனமாக நடத்தி, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வரி போட்டே ஆக வேண்டும். ரசீதில் வரி தனியாக இருக்கிறதா, பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்துவிடாதீர்கள். கிளையில் சேர்க்கைக் கட்டணம், சீருடை, தேர்வுக் கட்டணம், ஆண்டு விழாப் பங்குத்தொகை என்று வரிசையாக வரும். தனி ஆசிரியரிடம் இவை குறைவு. ஆனால் சலங்கை பூஜை, குருதட்சிணை, கோயில் நிகழ்ச்சிக்கு வண்டி வாடகை என்று எதிர்பாராத மாதத்தில் செலவு வரும். "ஓர் ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும், போன ஆண்டு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ஆயிற்று" என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். நேராகப் பதில் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசுங்கள்.

பெரிய பெயர் என்றால் தரம் உறுதியாக இருக்குமே? ஊர் ஊராக நடத்துகிறவர்கள் பெயரைக் கெடுத்துக்கொள்வார்களா?

நானும் அப்படி நினைத்துத்தான் என் மகளை ஒரு கிளையில் சேர்த்தேன். முதல் ஆசிரியை அருமையானவர். குழந்தைகளின் பாதத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவார். நான்காம் மாதம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர் இரண்டு மாதம் இருந்தார். மூன்றாவதாக வந்தவருக்குப் பரதம் தெரியவில்லை. பாட்டைப் போட்டுக் கைகால் அசைவை மட்டும் சொல்லிக்கொடுத்தார். பெயர்ப்பலகை, பாடப்புத்தகம், தேர்வு எதுவும் மாறவில்லை. தேர்வில் என் மகள் முதல் வகுப்பில் தேறியும் இருந்தாள். ஆனால் வீட்டில் நாட்டடவு (அடவு என்பது பரதத்தின் அடிப்படைக் கைகால் அசைவு) ஆடிக் காட்டச் சொன்னபோது குதிகாலை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணத்தை விட, அவள் ஆர்வமாக இருந்த ஓர் ஆண்டு போய்விட்டதே என்றுதான் வருந்தினேன்.

எல்லாக் கிளைகளும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆறேழு ஆண்டுகளாக ஒரே ஆசிரியர் நிலைத்திருக்கும் கிளையிலிருந்து வரும் பிள்ளைகளை அளவெடுத்திருக்கிறேன். அவர்கள் நிற்பதே அழகாக இருக்கும். தலைமையகத்தின் பெயர் பாடத்திட்டத்துக்கு உறுதி தரும், அதைச் சொல்லிக்கொடுக்க வரும் ஆளுக்கு உறுதி தராது. ஆகவே சேர்க்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் யார்? அவர் யாரிடம், எத்தனை ஆண்டு கற்றார்? இங்கே எத்தனை காலமாக இருக்கிறார்? மேசையில் இருப்பவர் இதற்குப் பதில் சொல்லாமல் பாடத்திட்டத்தையே திரும்பத் திரும்பக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு நடனமே தெரியாது. நல்ல ஆசிரியர் என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்?

எனக்கும் ஆடத் தெரியாது. ஆனால் பரத உடைக்கு அளவெடுக்கும்போது பிள்ளையை அரைமண்டியில் உட்காரச் சொல்வேன். முன்னால் வரும் விசிறி மடிப்பின் அகலமும் கால்சட்டையின் தொடைச் சுற்றும் அந்த நிலையில்தான் சரியாகத் தெரியும். இத்தனை ஆண்டுகளில் அந்த ஒரு நிலையிலேயே பயிற்சியின் தரம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. நன்றாகக் கற்ற பிள்ளைக்கு முதுகு நேராக இருக்கும். முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து, கால்விரல்கள் காட்டும் திசையையே காட்டும். சரியாகக் கற்காத பிள்ளையின் முழங்கால் முன்னால் சாயும், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படியே ஆண்டுக்கணக்கில் தட்டி ஆடினால் முழங்கால்தான் கெடும்.

ஒரு வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் தட்டுக்கழியால் தாளம் தட்டி, வாயால் சொற்கட்டு எனும் தாளச் சொற்களைச் சொல்லி நடத்துகிறாரா, கைப்பேசியில் பாட்டைப் போட்டுவிடுகிறாரா? பிள்ளைகள் தட்டடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், ஆடுகிறார்களா? பின்வரிசையில் இருக்கும் பிள்ளையின் அருகில் ஆசிரியர் எத்தனை முறை போகிறார்? தவறு செய்த பிள்ளைக்கு எது தவறு என்று விளங்கும்படி சொல்கிறாரா, வெறுமனே "மறுபடியும்" என்கிறாரா? பின்வரிசையைக் கவனிக்கும் ஆசிரியர் போதும், உங்கள் பிள்ளை எங்கே நின்றாலும் கவலை இல்லை.

தரையையும் பாருங்கள். கிரானைட், டைல்ஸ், மொசைக் எல்லாமே கான்கிரீட் மேல் ஒட்டிய கல்தான். அதில் நாள்தோறும் காலைத் தட்டினால் கணுக்காலும் முழங்காலும் வலிக்கும். மரத்தரையோ கெட்டியான ரப்பர் விரிப்போ இருந்தால் நல்லது. இந்த விஷயத்தில் சில கிளைகள் முந்திக்கொள்கின்றன. மாடியில் நடத்தும் தனி ஆசிரியரிடம் பெற்றோர் நான்கு பேர் சேர்ந்து விரிப்பு வாங்கிக் கொடுத்ததும் நம் ஊரில் நடந்திருக்கிறது.

மகனுக்குச் சினிமாப் பாட்டு நடனம்தான் வேண்டுமாம். அதற்கும் இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

இங்கே கிளைகளுக்கு மதிப்பெண் கூட. மேற்கத்திய நடனத்துக்கும் திரைப்பாட்டு நடனத்துக்கும் நல்ல ஒலிபெருக்கி, பெரிய கண்ணாடி, ஒத்த வயதுப் பிள்ளைகளின் கூட்டம் தேவை. அவை கிளைகளில் கிடைக்கும். வகுப்பின் தொடக்கத்தில் பத்து நிமிடமாவது உடலைச் சூடேற்றும் பயிற்சி தருகிறார்களா என்று மட்டும் பாருங்கள். கரணம் போடச் சொல்லிக்கொடுத்தால் கீழே மெத்தை கட்டாயம் வேண்டும்.

என் மகன் பரதம் கேட்கிறான். உறவினர்கள் "ஆண் பிள்ளைக்கு எதற்கு" என்கிறார்கள்.

பரத நிகழ்ச்சியின் இன்றைய வரிசையை அமைத்த தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வருமே ஆண்கள். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக் கூத்து ஆடுபவர்களும் ஆண்கள்தான். பாஞ்சாலி வேடத்தையும் அவர்களே கட்டுவார்கள். அந்தக் கூத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள். பையன்களுக்கு ஒரு தேவை உண்டு: வகுப்பில் இன்னொரு பையனாவது இருந்தால் நிலைப்பார்கள். சேர்க்கும் முன் அதைக் கேளுங்கள்.

சான்றிதழ் தருகிறார்களே, அது எதற்குப் பயன்படும்?

யார் தரும் சான்றிதழ் என்பதைப் பொறுத்தது. பள்ளியே நடத்தும் தேர்வுக்குப் பள்ளியே தரும் சான்றிதழ் குழந்தைக்கு உற்சாகம் தரும், வெளியே அதற்கு மதிப்பு இல்லை. பல்கலைக்கழகத்தோடு இணைந்து தேர்வு நடத்தினால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் சான்றிதழ் வர வேண்டும். போன ஆண்டு தேறிய பிள்ளையின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

திறமையான பிள்ளைக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. மத்திய அரசின் பண்பாட்டு மையமான சிசிஆர்டி, 10 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கலைத்திறன் உதவித்தொகை தருகிறது. அங்கே சான்றிதழ் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, ஆடச் சொல்லிப் பார்க்கிறார்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் கலைத் திருவிழாப் போட்டியையும் விட்டுவிடாதீர்கள்.

அரசாங்கமே சொல்லிக்கொடுக்கிறதாமே? அது எப்படி?

கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றோடு பரதநாட்டியமும் உண்டு. மூன்று ஆண்டுப் படிப்பு. 12 முதல் 25 வயது வரை சேரலாம், பரதத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். கட்டணம் மிகக் குறைவு. பகல் நேர வகுப்பு என்பதால் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பொருந்தாது. பள்ளிப் படிப்பை முடித்து நடனத்தையே தொழிலாக எடுக்க நினைக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் இது நல்ல வாசல். கட்டணம் கொடுக்க முடியாததால் நடனத்தை விட்டுவிடும் குடும்பங்கள் இதை அறியாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சிறு பிள்ளைகளுக்கு அதே துறையின் ஜவகர் சிறுவர் மன்றம். 5 முதல் 16 வயது வரை.

ஓர் ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்கிறார்கள். கட்டிவிடலாமா?

முதல் ஆண்டில் வேண்டாம். மாதம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக 10,000 கட்டினால் 2,000 மிச்சம். ஆனால் நான்காம் மாதம் பிள்ளை போக மாட்டேன் என்றால் 6,000 போய்விடும். ஆண்டு விழாவுக்கு முதல் தடவை அளவு கொடுத்த பிள்ளைகளில் பலரை அடுத்த ஆண்டு நான் பார்ப்பதில்லை. ஆசிரியர் மாறிவிடும் அபாயமும் இருக்கிறது, அதை மேலே சொன்னேன். முதல் ஆண்டு முழுவதும் மாதாமாதம் கட்டுங்கள். இரண்டாம் ஆண்டில் மொத்தமாகக் கட்டுவதில் தவறில்லை.

"கட்டிய பணம் திருப்பித் தரப்படாது" என்று ரசீதில் அச்சிட்டிருப்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. ஆசிரியர் இல்லாமல் வகுப்பு நின்றுபோனால் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இதற்கெல்லாம் ரசீது வேண்டும். தனி ஆசிரியரிடமும் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். நல்ல ஆசிரியர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஓசூருக்கோ பெங்களூருக்கோ அழைத்துப் போனால் இன்னும் நன்றாக இருக்குமா?

ஓசூருக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஒரு மணி நேர வகுப்புக்குப் போகவர மூன்று மணி நேரம். ஏழெட்டு ஆண்டு ஆடிய பிள்ளை, பெரிய குருவிடம் மாதம் இரண்டு முறை போய் வருவது பலன் தரும். அடவு கற்கும் பிள்ளைக்கு அந்தப் பயண நேரம் வீட்டுப் பயிற்சிக்குப் பயன்படட்டும்.

கிளையிலிருந்து தனி ஆசிரியரிடம் மாற்றினோம். மூன்று ஆண்டு கற்ற பிள்ளையைத் தட்டடவிலிருந்து தொடங்கச் சொல்கிறார். பணம் பறிக்கிறாரா?

பெரும்பாலும் இல்லை. பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்ரா என்று பாணிகள் உண்டு. ஒரே அடவுக்கே கை நீட்டும் கோணமும் சொற்கட்டும் பாணிக்குப் பாணி மாறும். பழைய பழக்கத்தை உடலிலிருந்து எடுக்க அடவிலிருந்துதான் தொடங்க முடியும். என் மகளுக்கும் அப்படித்தான் ஆயிற்று. முதல் மாதம் அழுதாள், ஆறாம் மாதம் பழைய இடத்தைத் தாண்டிவிட்டாள். அடிப்படை உள்ள பிள்ளைக்கு இது ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் காரணம் கேளுங்கள்.

தனி ஆசிரியை திருமணமாகி வெளியூர் போய்விட்டால் என் பிள்ளையின் கதி என்ன?

தனிப் பள்ளியின் பெரிய பலவீனம் இதுதான். சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் இளம் பெண்கள். அவர்களிடம் "திருமணம் எப்போது" என்று கேட்பது அநாகரிகம். அதற்குப் பதில் அவருடைய குரு யார், அந்தக் குருவிடம் கற்ற வேறு யார் இந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். ஒரே குருவின் இன்னொரு மாணவியிடம் போனால் முன் கேள்வியில் சொன்ன தொல்லை அவ்வளவாக இருக்காது. பிள்ளை கற்ற அடவுகளையும் ஜதிகளையும் ஒரு நோட்டில் தாளக்குறியோடு எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டு எந்த ஆசிரியரிடமும் கூட வரும்.

மூன்றே ஆண்டில் அரங்கேற்றம் செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா?

கலாக்ஷேத்ராவில் நாள்தோறும் முழுநேரமாகப் படிக்கும் பட்டயப் படிப்புக்கே நான்கு ஆண்டுகள். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு நூறு மணி நேரம். மூன்று ஆண்டில் முந்நூறு. அதில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா அத்தனையும் தனியாக மேடையில் இரண்டு மணி நேரம் ஆடும் அளவுக்கு எப்படி வரும்? வர்ணம் மட்டுமே அரை மணி நேரத்துக்குக் குறையாது. மூச்சுத் தாங்காமல் பாதி வர்ணத்தில் கண் கலங்கிய பிள்ளையை மேடைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த உடையைத் தைத்தவள் நான். அவசரப்படுத்துபவர் கிளையில் இருந்தாலும் தனியாக இருந்தாலும் விலகிக்கொள்ளுங்கள்.

சலங்கை பூஜை வேறு. மூன்று, நான்கு ஆண்டில் செய்யலாம். கோயில் மண்டபத்தில் எளிமையாக முடித்துக்கொள்ளலாம்.

வகுப்பு நடக்கும்போது பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்கிறார்கள். சரியா?

பெற்றோர் நடுவில் பேசினால் வகுப்பு கெடும், அதனால் வெளியே இருக்கச் சொல்வது சரி. வெளியிலிருந்து பார்க்கவே முடியாதபடி கதவை மூடுவது சரியல்ல. உடை மாற்றும் இடத்துக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, நிகழ்ச்சிக்குப் போகும் வண்டியில் பெற்றோர் ஒருவராவது வருகிறார்களா, தொட்டுத் திருத்தும் முன் ஆசிரியர் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா என்று பாருங்கள். பிள்ளை திடீரென்று வகுப்புக்குப் போக மறுத்தால் சோம்பல் என்று அதட்டாதீர்கள், உட்காரவைத்துக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் 1098 குழந்தைகள் உதவி எண். போக்சோ சட்டம் குருவுக்கும் பொருந்தும்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. நான் சேரலாமா?

தாராளமாக. பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு இருக்கும் இடத்தில் சேருங்கள். எட்டு வயதுப் பிள்ளைகளோடு நின்றால் மனம் சோர்ந்துவிடும். மாலை ஏழு மணிக்கு மேல் நேரம் தருவது கிளைகளில் எளிது. முழங்கால் வலி இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அரைமண்டியைக் கொஞ்சம் உயர்த்தி ஆடவிடும் ஆசிரியர் உங்களுக்கு ஏற்றவர்.

பள்ளி சொல்கிற கடையில்தான் உடை வாங்க வேண்டும் என்கிறார்கள். அது நியாயமா?

இதில் என் பிழைப்பும் இருக்கிறது, அதை மனத்தில் வைத்துப் படியுங்கள். குழு நடனத்துக்கு எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே கரை வேண்டும் என்பது உண்மை. அதற்காக ஒரே கடையில் வாங்கச் சொல்வதில் குற்றமில்லை. தனி நடனத்துக்கும் அதே கட்டாயம் என்றால் காரணம் கேளுங்கள். தனி ஆசிரியர்களிலும் இப்படிச் செய்பவர்கள் உண்டு.

ஒரே பாட்டுக்கு ஒரு தடவை போடும் உடையை வாடகைக்கு எடுங்கள். சலங்கை பூஜைக்குப் பிறகுதான் சொந்த உடை. தைக்கக் கொடுக்கும்போது இடுப்பிலும் பக்கத் தையலிலும் துணி உள்ளே மடித்து விடச் சொல்லுங்கள். பிரித்து விட்டால் வளரும் பிள்ளைக்கு இரண்டு மூன்று ஆண்டு வரும். பள்ளியிலிருந்து நிறத்துண்டும் கரை அளவும் வாங்கி வந்தால் போதும், பரத உடை தைக்கத் தெரிந்த எந்தத் தையற்காரரும் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.